லக்சபானாவுக்குக் கீழே ஒரு அரிக்கன் லாம்பு

கித்துல்கலக் காட்டுக்குள், மின்சாரம் இல்லாத குடில் ஒன்றில் இரண்டு இரவு தங்கப் போகிறோம் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதில் யார் யாருக்குக் காசு கொடுப்பது?" என்பதுதான். நாங்கள்தான் கொடுக்க வேண்டும் என்றேன். வெள்ளவத்தை பிளாட்டின் பல்கனியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்த தலையணை உறையை மடிக்காமல் என்னைப் பார்த்தார்.

"ஐந்து வருடம் சும்மா இருந்தோமே, பிள்ளை."

பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. 1990 ஆம் ஆண்டு ஜூனில் மீண்டும் போர் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் நின்றது. விட்டு விட்டு வரவுமில்லை, போனது போனதுதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே ஊரைவிட்டு எழுந்து நடந்த அந்த இரவில் நாங்களும் நடந்தோம். அதுவரைக்கும் விளக்குத்தான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு நான் படித்தது ஜாம் போத்தல் விளக்கின் முன்னால். காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கையில் பெரியவர்கள் யாரும் மின்சாரம் என்று சொல்வதில்லை. "லக்சபானா" என்பார்கள். லக்சபானா நின்றுவிட்டது, லக்சபானா இனி வராது, சமாதானம் வந்தால் லக்சபானாவும் வரும். லக்சபானா என்பது ஒரு ஆள் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கொழும்பில் ஏதோ கந்தோரில் இருக்கும், கண்ணாடி போட்ட, எங்கள்மீது கோபமான ஒரு பெரிய உத்தியோகத்தர்.

இந்தப் பயணம் என்னுடைய யோசனை இல்லை. இவருடையது, என் கணவருடையது. நாள் முழுக்கக் கணினித் திரையின் முன்னால் இருப்பவர். கண் மருத்துவர் ஏதோ சொல்லிவிட்டார் போல. மகனுக்குப் பன்னிரண்டு வயது. கைத்தொலைபேசியை அவனிடமிருந்து பிரித்தெடுக்க அட்டையைக் கழற்றுவதுபோல உப்புப் போட வேண்டியிருக்கிறது. போயா என்கிற பௌர்ணமி விடுமுறையோடு வார இறுதியும் சேர்ந்து வந்தது. விளம்பரத்தில் "இயற்கையின் மடியில்", "உலகத்தின் சத்தங்கள் எட்டாத" என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். மடி, தொட்டில், அரவணைப்பு: இயற்கையைப் பற்றி எழுத வந்தால் எல்லோரும் ஏன் பிள்ளைத்தாய்ச்சி மொழியில் எழுதுகிறார்கள் என்று தெரியவில்லை. அம்மாவைத் தனியே விட்டுப் போக முடியாது என்பதால் அவரும் வந்தார். வரமாட்டேன் என்று மூன்று நாள் சொல்லிவிட்டு, நாலாம் நாள் தன்னுடைய பையில் நெருப்புப் பெட்டி இரண்டை வைத்தார்.

புறக்கோட்டையிலிருந்து ஹட்டன் பஸ். அவிசாவளையில் வீதி இரண்டாகப் பிரிந்து, ஒன்று இரத்தினபுரிக்கும் மற்றது மலைக்கும் போகிறது. கரவனெல்ல தாண்டி, எட்டியாந்தோட்டை தாண்டினால் களனி கங்கை பக்கத்திலேயே வருகிறது. சிவனொளிபாத மலைப் பக்கம் ஊற்றெடுத்து 145 கிலோமீற்றர் ஓடி, கொழும்புக்கு வடக்கே கடலில் விழுகிற ஆறு. விழுவதற்கு முன் அம்பத்தளையில் அதிலிருந்து எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்புக்குக் குடிதண்ணீர் அனுப்புகிறார்கள். வெள்ளவத்தையில் பல் விளக்குகிற தண்ணீர் இங்கே பாறையில் மோதிக்கொண்டிருக்கிறது என்று மகனிடம் சொன்னேன். "அப்படியென்றால் மேலே நின்று துப்பினால்?" என்றான். பிள்ளைகளுக்குப் புவியியலை அவர்களுக்குப் பிடித்த வழியில்தான் சொல்லிக்கொடுக்க முடியும்.

பிரதான வீதியிலிருந்து ஓட்டோ. ஓட்டோ முடிகிற இடத்திலிருந்து நாற்பது நிமிட நடை. அங்கே குடிலைப் பார்த்துக்கொள்பவர் காத்திருந்தார். பக்கத்துத் தோட்டத்துத் தமிழர், நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னை அக்கா என்றார், அம்மாவை அம்மா என்றார், இவரை சார் என்றார். அம்மாவின் பையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, வழுக்கும் இடங்களில் மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்தபடி நடந்தார். எழுபத்துநாலு வயது அம்மா என்னைவிட நன்றாக நடந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குடில் என்றால் பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட ஒரு அறை, முன்னால் விறாந்தை, பின்னால் சாய்ப்பாக ஒரு குசினி, முப்பது அடி தள்ளிக் கழிவறை. குசினியில் விறகடுப்பு. தண்ணீருக்கு என்ன வழி என்று அம்மா கேட்டார். "பீலி இருக்கிறது அம்மா, எந்நேரமும் வரும்," என்றார் அவர். எங்கள் பக்கத்தில் பீலி என்றால் மயிற்பீலி. அம்மா ஒரு நிமிடம் விழித்தார். மலைக்கு மேலிருக்கும் ஓடையிலிருந்து குழாய் போட்டு இறக்கி, நிற்காமல் கொட்டிக்கொண்டே இருக்கிற தண்ணீர்தான் பீலி. திருகுபிடியும் கிடையாது, மோட்டரும் கிடையாது. கிணற்றில் துலா மிதித்த பரம்பரை நாங்கள். தண்ணீர் தானாக வந்து, யாருக்காகவும் காத்திராமல் ஓடிப்போவதைப் பார்க்க அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. இருந்த இரண்டு நாளும் அதன் கீழே ஒரு வாளியை வைத்தபடியே இருந்தார்.

விறாந்தையில் நின்று பார்த்தால் எதிர் மலை. பச்சை, அதற்குப் பின்னால் இன்னும் பச்சை, அதற்கு நடுவே மரங்களை வெட்டி வகிடெடுத்ததுபோல ஒரு கோடு. அந்தக் கோட்டின் வழியே பெரிய இரும்புக் கோபுரங்கள் மலையேறிப் போயின. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொய்ந்து தொங்கும் கம்பிகள்.

"அது என்ன தம்பி?" என்றார் அம்மா.

"கொழும்புக்குக் கரண்ட் போகிற கம்பி அம்மா. மேலே லக்சபானாவிலிருந்து வருகிறது."

அம்மா கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கோபுரங்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நீண்ட நாள் கடிதத்தில் மட்டும் பழகிய ஒருவரைப் பஸ் நிலையத்தில் அடையாளம் கண்டதுபோல இருந்தது முகம்.

"இதுவோ," என்றார். அவ்வளவுதான்.

இந்த மலைகளின் அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918 இலேயே கணக்குப் போட்டுக் கட்டுரை வாசித்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1920களில் வேலை தொடங்கியது, நின்றது, இழுபட்டது. முதலாவது லக்சபானா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு 1953 இல் அவர் காலமானார். காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் தண்ணீர் இன்றைக்கும் படிப்படியாக ஒவ்வொரு மின்நிலையத்தின் சக்கரத்தையும் சுற்றிவிட்டுக் கீழே வருகிறது. கித்துல்கலவில் ஆறு எவ்வளவு உயரத்தில் ஓடும் என்பதை மழை மட்டும் தீர்மானிப்பதில்லை, மேலே எப்போது தண்ணீர் திறக்கிறார்கள் என்பதும் தீர்மானிக்கிறது. குளிக்க இறங்குபவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது, நாங்கள் இறங்கவில்லை.

கம்பிக்குக் கீழேயே இருக்கிறீர்களே, உங்கள் லயத்துக்கு, அந்தத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, எப்போது கரண்ட் வந்தது என்று குடிலைப் பார்த்துக்கொள்பவரைக் கேட்டேன். சிரித்தார். "கம்பி எங்கள் தாத்தா காலத்திலிருந்து தலைக்கு மேலே போகிறது அக்கா. எங்கள் லயத்துக்கு இறங்கி வந்தபோது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்."

அவரிடமிருந்து நாங்கள் பெற்றுக்கொண்ட பொருட்கள்: ஒரு கட்டு விறகு, இரண்டு அரிக்கன் லாம்பு, மண்ணெண்ணெய் நிரப்பிய ஒரு சாராயப் போத்தல். கூரையில் ஒரு சூரியத் தகடு, கட்டிலுக்குக் கீழே ஒரு பற்றரி, இரண்டு சிறிய பல்புகள். லாம்பு சும்மா அழகுக்குத்தான், பல்பு போதும் என்று இவர் சொன்னார். பார்த்துக்கொள்பவர் வானத்தைப் பார்த்தார். மூன்று நாளாக வெயில் இல்லை என்றார். மண்ணெண்ணெய் ஒரு போத்தல் இரண்டு இரவுக்குச் சரியாக இருக்கும், முடிந்துவிட்டால் காலையில் சொல்லுங்கள், கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கித்துல்கல இந்த நாட்டின் மிக ஈரமான இடங்களில் ஒன்று. மின்சாரம் இல்லாத குடிலை அங்கே கட்டி, அதற்குச் சூரியத் தகட்டை நம்புவது, உப்பளத்தில் நெல் விதைப்பது மாதிரி. பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கிய மழை கூரைத் தகரத்தில் பேச்சை மூழ்கடித்தது. ஏழரை மணிக்கு இரண்டு பல்பும் ஒரே நொடியில் அணைந்தன. மங்கவில்லை, சிணுங்கவில்லை. பற்றரியின் சார்ஜ் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் அது பழுதாகிவிடும் என்பதற்காகத் தானே இணைப்பைத் துண்டித்துவிடும் கருவி ஒன்று அதில் இருக்கிறது. அது தன் கடமையைச் செய்தது. எங்களுக்கு முன்னால் தங்கியவர்கள் எல்லாக் கைத்தொலைபேசிகளையும் அதில் மாட்டி வடித்திருக்க வேண்டும்.

இருட்டு என்றால் அது இருட்டு. கையை முகத்துக்கு முன்னால் பிடித்தால் தெரியவில்லை. போயா நிலவு மேலே எங்கேயோ முழுதாக இருந்திருக்கும். மேகமும் இலைகளும் அதில் ஒரு துளியும் எங்களுக்குத் தரவில்லை. மகன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். பன்னிரண்டு வயதான பிறகு அவன் அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை, எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இவர் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் லாம்பைக் கொளுத்தினார். ஐந்து நிமிடத்தில் சிமினியின் ஒரு பக்கம் கரி பிடித்து, அறையெல்லாம் புகை.

"கொண்டு வாருங்கள் இங்கே," என்றார் அம்மா.

அதற்குப் பிறகு நடந்ததை நான் முப்பது வருடம் பார்க்காமல் இருந்தேன். அம்மா முதலில் அணைத்துவிட்டு ஆற விட்டார். சூட்டோடு சிமினியைத் தொட்டால் விரலும் போகும், ஈரம் பட்டால் கண்ணாடியும் போகும். பிறகு கழற்றி, அடுப்புச் சாம்பலைக் கிள்ளித் தாளில் வைத்து உட்பக்கத்தைச் சுழற்றித் துடைத்தார். திரியைச் சற்று உயர்த்தி, கருகிய விளிம்பைக் கத்தரித்தார். கடைசியில் இரண்டு மூலைகளையும் மயிரிழை அளவுக்குச் சரித்து வெட்டினார். நேராக வெட்டினால் சுவாலை இரண்டு பக்கமும் மாட்டுக்கொம்பு மாதிரி எழும்பும். கொம்புதான் கரியைக் கக்குவது. மூலையைக் குறைத்தால் அகத்திப் பூ இதழ்போல ஒரே வளைவாக நிற்கும். விளக்கம் எதுவும் அவர் சொல்லவில்லை. கொளுத்தி, சிமினியை இறக்கி, திரியைத் தணித்து, தணித்து, இன்னும் தணித்து, நாலு முகங்கள் மட்டும் தெரிகிற அளவில் நிறுத்தினார்.

"இன்னும் கொஞ்சம் கூட்டலாமே மாமி," என்றார் இவர்.

"முகம் தெரிகிறதுதானே."

நாங்கள் பாணும் சம்பலும் பருப்பும் சாப்பிட்டோம். மழை விட்டதும் தவளைகள் தொடங்கின. குளக்கரைத் தவளைச் சத்தம் இல்லை இது. கண்ணாடிக் குவளையைக் கரண்டியால் தட்டுவதுபோல, புதருக்குப் புதர் டிக், டிக், டிக். இலங்கையின் மழைக்காட்டுத் தவளைகளில் பலவற்றுக்கு வாற்பேத்தைப் பருவமே கிடையாது. ஈரமண்ணிலோ இலையிலோ முட்டையிடும். முட்டைக்குள்ளிருந்து நேரே குட்டித் தவளையாக வெளியே வரும். மகன் அதை நம்ப மறுத்தான். பாடப்புத்தகத்தில் வாற்பேத்தையின் படம் இருக்கிறதாம்.

ஒன்பது மணி இருக்கும். மேகத்துக்கு மேலே எங்கேயோ ஒரு விமானம். கட்டுநாயக்காவுக்கு இறங்குகிற ஏதோ ஒன்றாக இருக்கலாம். சாதாரணமாகக் கொழும்பில் அதை யாரும் காதில் வாங்குவதுகூட இல்லை. அம்மா பேசிக்கொண்டிருந்த கதையை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. கை மட்டும் தானாகப் போய் லாம்பின் திருகாணியைத் தொட்டுத் திரியை உள்ளே இழுத்தது. அறை இருண்டது. சத்தம் தேய்ந்த பிறகு அதே கை மெதுவாகத் திருகியது; வெளிச்சம் திரும்பி வந்தது.

"ஏன் அம்மம்மா குறைத்தீர்கள்?"

"எண்ணெய் வீணாகும் அப்பன்," என்றார் அம்மா.

நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

மறுநாள் காலை அழகாக இருந்தது என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், ஆனால் உண்மை அதுவல்ல. பாதி அழகு, பாதி அட்டை. கழிவறைக்குப் போகிற முப்பது அடியில் எனக்கு மூன்று அட்டை. அது கடிப்பது தெரியாது. இரத்தம் உறையவிடாத ஒரு பொருளை உள்ளே விட்டுவிடுவதால், கழன்று விழுந்த பிறகும் இரத்தம் நிற்காமல் வடிவதுதான் தெரியும். மகன் தன் கணுக்காலில் நூல்போல ஓடிய சிவப்பைக் கண்டு அலறிய அலறலில் தவளைகள் எல்லாம் ஓய்ந்தன. அம்மா உப்புப் பொட்டலத்தோடு வந்தார்.

அந்தப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் பகலில் பெலிலென குகைக்குப் போனோம். பெரிய பாறைத் தாழ்வாரம், முன்னால் மெல்லிய நீர்த்திரை. வரலாற்றுக்கு முந்திய மனிதர்களின் எலும்புகளும் கல்லாயுதங்களும் அகழ்ந்தெடுக்கப்பட்ட இடம். 27,000 ஆண்டுகளுக்கும் முன்னரே இந்தக் குகைக்குக் கடற்கரையிலிருந்து உப்பு கொண்டுவரப்பட்டிருக்கிறது என்று தொல்லியலாளர் சிரான் தெரணியகல எழுதியிருக்கிறார். தூண்களும் சிற்பங்களும் கிடைத்திருந்தால் எனக்கு இவ்வளவு நெருக்கமாக இருந்திருக்காது. உப்பு என்றதும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. கடலோரத்திலிருந்து ஒருவர் உப்போடு இந்த மலை ஏறி வந்திருக்கிறார், என்னைப்போல. அவருக்கும் அட்டை கடித்திருக்கும். மகனுக்குக் குகை பத்து நிமிடத்தில் அலுத்துவிட்டது.

பின்னேரம்தான் கஷ்டமான நேரம். மூன்றரை மணிக்கு வாசிப்பதற்கு வெளிச்சம் குறைந்துவிடும், ஆறு மணி வரைக்கும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. விளம்பரங்களில் இந்த இரண்டரை மணித்தியாலத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இவர் ஊஞ்சல் துணியில் படுத்துத் தூங்கினார். நான் பிளேன்டீயும் கித்துள் கருப்பட்டியுமாக விறாந்தையில் இருந்தேன். (அம்மாவின் தீர்ப்பு: நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பனங்கட்டி இல்லை.) அப்போதுதான் குசினிக்குள் தட்டுகிற சத்தம் கேட்டது.

அம்மா ஜாம் போத்தலைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்திருந்தார். மிஞ்சிய ஜாம் ஒரு கோப்பைக்குள். மகன் பக்கத்தில் குந்தியிருந்தான். முன்பெல்லாம் திரியைப் பிடிக்கப் பற்பசைக் குழாயின் தகடுதான். எங்கள் பற்பசையை எடுத்து நசுக்கிப் பார்த்து, பிளாஸ்டிக் என்று தெரிந்ததும் அருவருப்போடு திருப்பி வைத்துவிட்டு, மீன் டின்னின் மூடியிலிருந்து விரலகலத்துக்கு ஒரு துண்டை வெட்டிச் சுருட்டினார். பருத்திக் கைக்குட்டையின் ஓரத்தைக் கிழித்துத் திரி. மருந்துப் பெட்டியிலிருந்த பஞ்சு அடியில். அதன்மேல் சரியாக இரண்டு மூடி மண்ணெண்ணெய். சுவாலை போத்தலுக்குள்ளேயே எரியும், காற்று அணைக்காது, ஒரு இரவுக்குப் போதும். கைக்குட்டை இவருடையது, கேட்காமல்தான் எடுத்தார்.

"இதில் நீங்கள் படித்தீர்களா?" என்று மகன் என்னைக் கேட்டான். படித்தேன் என்றேன். போத்தலை உயர்த்தி, அதன் வெளிச்சத்தில் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "எழுத்துத் தெரியுமா?" தெரியும் இடத்துக்குப் புத்தகத்தைக் கொண்டு போக வேண்டும், விளக்கு உன்னிடம் வராது என்றேன். அவன் சிரித்துவிட்டு, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்ட கதையை அம்மம்மாவிடம் கேட்கத் தொடங்கினான். 2022 இல் கொழும்பில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோதும் அவன் இந்தக் கதைகளைக் கேட்டதில்லை. அப்போது லிப்ட் நின்ற பிளாட்டில் நாங்கள் எல்லோரும் எரிச்சலில் இருந்தோம். அம்மா மட்டும் ஒன்றும் நடக்காததுபோல மாலை ஆறு மணிக்கே சமைத்து முடித்துவிடுவார். எரிச்சலில் இருப்பவர்களிடம் யார் கதை சொல்வார்கள்?

அந்த இரவு லாம்பைக் கொளுத்தவே இல்லை. ஜாம் போத்தல்தான். எதிர் மலையில் கோபுரங்கள் தெரியவில்லை. அவை அங்கே நிற்கின்றன, கம்பிகளுக்குள்ளால் கொழும்பின் இரவு முழுவதும் போய்க்கொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. அன்றைக்கும் ஒரு விமானம் போனது என்று நினைக்கிறேன். ஜாம் போத்தல் விளக்குக்குத் திருகாணி கிடையாது. அம்மா உள்ளங்கையால் அதன் வாயைச் சற்று மறைத்தாரா, அல்லது கை காய்ச்சினாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை குடிலைப் பார்த்துக்கொள்பவர் கணக்குப் பார்க்க வந்தார். விறகு, சாப்பாட்டுச் சாமான், ஓட்டோவுக்குச் சொல்லி அனுப்பிய காசு. பிறகு மூலையிலிருந்த சாராயப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். இரண்டு விரலகலம்கூடக் குறைந்திருக்கவில்லை. சாய்த்துப் பார்த்தார், மூடியைத் திறந்து மணந்தும் பார்த்தார், தண்ணீர் கலந்திருக்கிறோமோ என்று.

"என்ன அம்மா, இரண்டு இரவும் இருட்டிலேயா இருந்தீர்கள்?"

"இல்லையே தம்பி," என்றார் அம்மா. "நல்ல வெளிச்சமாகத்தானே இருந்தோம்."